முதிரையில் மரவேலை தொடங்குபவர்களுக்கு: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து வழிகாட்டி

வீடு கட்டுகிறவர்கள் தேக்கைத் தேடி அலைகிறார்கள், காசு போதாதவர்கள் மஹோகனிக்கு இறங்குகிறார்கள், அதுவும் முடியாவிட்டால் அலுமினியம். முதிரை என்ற பேர் நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும், ஆனால் அது கையில் எப்படிப் பழகும், எதற்கு ஆகும், எதற்கு ஆகாது என்று இளம் ஆட்களிடம் கேட்டால் பதில் வராது. தெரிந்த தச்சர்களும் ஓடாவிமாரும் குறைந்துகொண்டே வருகிறார்கள். சீவுளியை இப்போதுதான் கையில் எடுத்திருப்பவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணம் போகப் போக வரும். புதிதாக அரிந்த முதிரையில் தொடங்காதீர்கள். பழைய வீட்டில் கழற்றிய கதவு நிலை, யன்னல் சட்டம், உடைந்த கட்டிலின் கால் என்று நாற்பது ஐம்பது வருடம் காய்ந்து கிடக்கும் மரத்தை வாங்கித் தொடங்குங்கள். செலவு குறைவு, வெடிப்பு குறைவு, காட்டில் நிற்கும் மரத்துக்கும் ஒரு வெட்டு குறைவு.

மரத்தை அறிந்துகொள்ளுங்கள்

முதிரையின் தாவரவியல் பெயர் குளோரோக்சைலோன் சுவீட்டேனியா. எலுமிச்சை, தோடை, விளாத்தி எல்லாம் சேர்ந்த குடும்பம்தான் இதுவும், இலையைக் கசக்கி முகர்ந்தாலே அந்த உறவு தெரியும். இலங்கையின் உலர்வலயக் காடுகளிலும் தென்னிந்தியாவிலும் இது வளர்கிறது. நம் பக்கத்தில் படுவான்கரைக்கு அப்பால் மேற்கே போகும் காடுகளிலும், தெற்கே பொத்துவில், பாணமை வரைக்கும் பாலை, வீரையோடு சேர்ந்து நிற்கும் மரம் இது. சிங்களத்தில் புருத்த என்பார்கள், மரக்கடையில் அந்தப் பேர்தான் கூடுதலாகக் காதில் விழும், ஆகவே அதையும் ஞாபகம் வைத்திருங்கள்.

மிக மெதுவாக வளரும். பருத்த அடிமரம் ஒன்று கிடைக்க ஒரு மனிதரின் ஆயுள் போதாது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தோடு பட்டிப்பளை ஆற்றுப் பள்ளத்தாக்கின் காடு பெருமளவு வெட்டித் திறக்கப்பட்டது, அதற்குப் பிறகும் வெட்டு நிற்கவில்லை. இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் 1998ஆம் ஆண்டு மதிப்பீட்டில் முதிரையை அழிவு அபாயத்தை நோக்கிப் போகும் இனங்களில் சேர்த்தது. பழைய மரத்தைத் தேடுங்கள் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இதுவும் காரணம்.

இதன் பலத்தைச் சொல்ல ஒரு பாலம் போதும். பேராதனையில் மகாவலி ஆற்றுக்கு மேலே 1833இல் முழுக்க முதிரை மரத்தால் ஒரு பாலம் கட்டினார்கள், கரைக்குக் கரை ஒரே வளைவு, 205 அடி. 1905இல் இரும்புப் பாலம் வரும்வரைக்கும் மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் அதன் மேல்தான் போயின. ஐரோப்பியர் இந்த மரத்தை ஏற்றிக்கொண்டு போய் அலுமாரிக்கும் மேசைக்கும் மெல்லிய தகடாகச் சீவி ஒட்டினார்கள், அது அதன் மினுக்கத்துக்காக. பாலத்துக்கும் அலுமாரிக்கும் ஒரே மரம் உதவுகிறது என்றால் அப்படிப்பட்ட மரங்கள் அதிகம் இல்லை.

வாங்குவதற்கு முன் அடையாளம் பார்ப்பது

பழைய மரம் விற்கும் இடங்களில் மஞ்சளாக இருப்பதையெல்லாம் முதிரை என்றுதான் சொல்வார்கள். பலாவும் மஞ்சள், மஞ்சள் கடம்பும் மஞ்சள். நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள்.

முதலில் தூக்கிப் பாருங்கள். காய்ந்த முதிரை ஒரு கன அடி ஏறக்குறைய 27 கிலோ வரும், தேக்கு 18, 19 கிலோதான். ஒரே அளவில் இரண்டு துண்டு எடுத்து இரண்டு கையிலும் பிடித்தால் தராசு தேவையில்லை. அடுத்து ஒரு மூலையில் சீவுளியை ஓட்டி, அல்லது கத்தியால் சுரண்டி உள்நிறத்தைப் பாருங்கள். வெளியே எவ்வளவு கறுத்திருந்தாலும் உள்ளே வைக்கோல் நிறத்திலிருந்து பொன்மஞ்சள் வரைக்கும் இருக்கும். அந்த இடத்தை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள், பட்டை பட்டையாக ஒன்று வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும் தெரியும், பலகையைத் திருப்பினால் வெளிச்சப் பட்டை மங்கும், மங்கிய பட்டை மினுங்கும். நார் ஒரு அடுக்கில் ஒரு பக்கமும் அடுத்த அடுக்கில் எதிர்ப்பக்கமும் சாய்ந்து ஓடுவதால் வருகிற மினுக்கம் அது. பலாவில் இது இவ்வளவு எடுப்பாகத் தெரியாது. அழகும் அதிலேதான், பின்னால் சீவும்போது வரும் தொல்லையும் அதிலேதான்.

கறுத்த பிசின் கோடுகள் அங்கங்கே இருந்தால் பயப்பட வேண்டாம், அது இந்த மரத்துக்கு இயல்பு. ஆனால் வெளிறில், அதாவது பட்டைக்கு அடுத்திருக்கும் வெளிப்புற மரத்தில், ஊசித்துளைகள் இருந்து, தட்டினால் மா கொட்டினால் அந்தப் பகுதியை வெட்டி எறிய வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டு விலை பேசுங்கள். நல்ல வயிரம், அதாவது உள்ளே இருக்கும் முற்றிய நடுமரம், கறையானுக்கும் உக்கலுக்கும் நெடுநாள் நின்று பிடிக்கும், வெளிறை அப்படி நம்ப முடியாது.

எங்கே கிடைக்கும், கடதாசி என்ன வேண்டும்

பழைய வீடு இடிக்கிற இடங்கள்தான் முதல் இடம். ஊரில் பெரியவர்கள் வீட்டின் வயதைப் புயலை வைத்துச் சொல்வார்கள், 1978 நவம்பர் புயல்தான் அந்தக் கணக்கு. "புயலுக்கு முந்தின வீடு" என்று யாராவது சொன்னால் காதைக் கொடுங்கள், அந்த வீடுகளின் நிலையும் தீராந்தியும் பெரும்பாலும் நம் காட்டு மரம்தான். மேசன்மாரிடமும் வீடு உடைக்கும் ஆட்களிடமும் சொல்லி வையுங்கள், மரம் கிடைத்தால் நம்மை நினைத்து ஃபோன் எடுப்பார்கள். பழைய தளபாடம் வாங்கி விற்பவர்களிடம் கால் உடைந்த கட்டிலும் கதவில்லாத அலுமாரியும் மலிவாகக் கிடைக்கும், அதில் தொடங்குபவருக்குப் போதிய மரம் இருக்கும்.

புதிய மரம்தான் வேண்டும் என்றால் அரச மரக் கூட்டுத்தாபனத்தின் விற்பனை நிலையத்தில் கேளுங்கள், அல்லது பதிவுள்ள மரக்காலையில் பற்றுச்சீட்டோடு வாங்குங்கள். இரவில் யாரோ கொண்டுவந்து தருகிறேன் என்று சொல்லும் மரத்தை, எவ்வளவு மலிவாக இருந்தாலும், வாங்கவே கூடாது. மரத்தை ஏற்றிக்கொண்டு போக வன இலாகாவின் அனுமதிப்பத்திரம் வேண்டும், அது இல்லாமல் வீதியில் மறித்தால் மரத்தோடு வாகனமும் போகும், வழக்கும் வரும். சொந்த வளவில் நிற்கும் முதிரை என்றாலும் வெட்டுவதற்கு முன் கிராம உத்தியோகத்தரிடம் போய் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டு, அந்த வழியிலேயே போங்கள். பழைய மரம் ஏற்றும்போதும் விற்றவரின் கையெழுத்துள்ள துண்டு ஒன்றை எடுத்துக்கொள்வதும், கிராம உத்தியோகத்தரிடம் ஒரு கடிதம் கேட்டு வாங்குவதும் நல்லது. சோதனைச் சாவடியில் நின்று பழைய நிலை என்று வாயால் விளங்கப்படுத்துவது கஷ்டம்.

பழைய மரத்தைச் சுத்தம் செய்வது

இங்கே அவசரப்பட்டால் வாளின் பல் போகும். பழைய நிலைக்குள்ளே ஆணி தலையில்லாமல் ஒடிந்து கிடக்கும், வெளியே தெரியாது. பலமான காந்தம் ஒன்றை நூலில் கட்டிப் பலகை மேல் மெதுவாக இழுங்கள், அது இழுக்கிற இடத்தில் சோக்கால் வட்டம் போடுங்கள், அப்புறம் ஒவ்வொன்றாகத் தோண்டி எடுங்கள். ஆணியைச் சுற்றிக் கறுத்த கறை ஊறியிருக்கும், அதைச் சீவி முழுதாக எடுக்க முடியாது, அந்தப் பக்கத்தை உள்ளே போகிற மாதிரி அளந்து வையுங்கள்.

பெயின்ட் அடித்த மரம் என்றால் காய்ந்தபடி சாண்ட் பேப்பர் போடாதீர்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், அந்தத் தூள் வீட்டுக்குள் போனால் சிறு பிள்ளைகளுக்குத்தான் முதல் கேடு. பெயின்ட் கரைக்கும் திரவம் பூசி ஊறவைத்துச் சுரண்டுங்கள், சுரண்டினதைக் கடதாசியில் சேர்த்துக் கட்டி அகற்றுங்கள், பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

புதிய மரம் வாங்கிவிட்டீர்கள் என்றால்

காய வைக்கத் தெரியாமல் முதிரையை வாங்குவது காசை வெயிலில் போடுவது போலத்தான். இது இறுக்கமான மரம், உள்ளே இருக்கும் ஈரம் வெளியே வர நேரம் எடுக்கும், மேல்தோல் மட்டும் சட்டென்று காய்ந்தால் மேல் சுருங்க, உள் சுருங்காமல் நிற்க, பலகை முழுவதும் மயிர்க்கோடு மாதிரி வெடிப்பு விழும்.

வந்த அன்றைக்கே பலகையின் இரண்டு முனையிலும் மெழுகோ தடித்த பெயின்டோ பூசிவிடுங்கள், ஈரம் முனையால்தான் வேகமாக ஓடும். அப்புறம் நிழலில், நிலத்திலிருந்து ஒரு அடி உயர்த்தி, ஒவ்வொரு பலகைக்கும் நடுவே ஒரே கனமுள்ள சிலாகைத் துண்டுகளை ஒன்றரை அடிக்கு ஒன்றாக வைத்து அடுக்குங்கள். சிலாகைகள் மேலிருந்து கீழே ஒரே நேர்கோட்டில் வர வேண்டும், இல்லாவிட்டால் பலகை அலை அலையாக வளையும். மேலே பாரமாக ஏதாவது வையுங்கள்.

நம் பக்கத்தில் இதைவிடப் பெரிய விஷயம் காற்று. கச்சான் அடிக்கிற மாதங்களில் சுடுகாற்று நேரே அடுக்குக்குள் புகுந்தால் வெடிப்பு நிச்சயம், அந்தப் பக்கத்தைக் கிடுகாலோ சாக்காலோ மறைத்துவிடுங்கள். மாரியில் மறுபக்கம், தூவானம் அடிக்காமல் பார்க்க வேண்டும். எவ்வளவு காலம் என்று கேட்பீர்கள். ஓர் அங்குலப் பலகைக்கு ஒரு கோடையும் ஒரு மாரியும் போகட்டும் என்பதுதான் என் கணக்கு. ஊரில் மூத்த ஆட்கள் வேலையைத் தள்ளிவைக்க "மறுகா பாப்பம் மனே" என்பார்களே, முதிரை காய்கிற விஷயத்தில் அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். நம்பிக்கை வராவிட்டால் ஒரு சின்னத் துண்டைத் தராசில் வைத்து எடையை எழுதி வாருங்கள், வாரக்கணக்கில் எடை இறங்காமல் நின்றால் காய்ந்துவிட்டது. ஈரமானி இருந்தால் 15 சதவீதத்துக்குக் கீழே வரட்டும், நம் கரையோர ஈரக் காற்றுக்கு அது போதும்.

தூசி

இந்தப் பகுதியைப் படிக்காமல் தாண்டாதீர்கள். முதிரைத் தூசி எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது. மரத்தில் குளோரோக்சைலோனின் என்ற அல்கலாய்டு இருக்கிறது, சிலருக்குக் கையிலும் கழுத்திலும் கண் இமையிலும் தடிப்பும் அரிப்பும் வரும், சிலருக்குத் தலையிடி. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பிரித்தானியக் கப்பல் தளங்களில் இந்த மரத்தில் வேலை செய்த தச்சர்களுக்குத் தோல் புண் வந்து மருத்துவர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள், ஆகவே புதிதாகக் கண்டுபிடித்த விஷயம் ஒன்றும் இல்லை.

நீளக்கைச் சட்டை போடுங்கள், மூக்கோடு இறுகி நிற்கும் மாஸ்க் போடுங்கள், துணியைக் கட்டிக்கொள்வது போதாது. திறந்த கொட்டிலில், காற்று உங்கள் முதுகுப் பக்கமாக வரும்படி நின்று வேலை செய்யுங்கள். வியர்வையோடு தூசி சேர்ந்தால்தான் தோலில் கூடுதலாகப் பிடிக்கும், நம் வெக்கைக்கு அதுதான் பெரிய தொல்லை, ஆகவே காலை வேளையில் அரியுங்கள், முடிந்ததும் குளித்து உடுப்பை மாற்றுங்கள். முதல் தடவை ஒன்றும் செய்யாமல் விட்டு, பல தடவைக்குப் பிறகு சட்டென்று ஒவ்வாமை தொடங்குகிற ஆட்களும் உண்டு. தடிப்பு வந்தால் வேலையை நிறுத்தி வைத்தியரிடம் போங்கள், என்ன மரத்தில் வேலை செய்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். இதே காரணத்துக்காக முதிரையில் மரக்கறி வெட்டும் பலகை, அகப்பை, பிள்ளைகள் வாயில் வைக்கும் விளையாட்டுச் சாமான் எதுவும் செய்ய வேண்டாம்.

அரிவதும் சீவுவதும்

கார்பைட் பல் உள்ள வாள்தகடு எடுங்கள். சாதாரணத் தகடு சில வெட்டிலேயே மழுங்கும், மழுங்கின தகடு மரத்தைக் கருக்கும், கருகின தழும்பை எடுக்கப் பாதி நாள் போகும். தள்ளுகிற வேகம் மெதுவாக, ஆனால் ஒரே இடத்தில் நிற்காமல்.

சீவுவதில்தான் புதியவர்கள் மனம் உடைவார்கள். ஒரு பக்கமாகத் தள்ளினால் ஒரு பட்டை கண்ணாடி மாதிரி வரும், பக்கத்துப் பட்டை பிய்ந்துகொண்டு வரும், திருப்பித் தள்ளினால் பிய்ந்தது சரியாகி மற்றது பிய்யும். உங்கள் கையில் குறை இல்லை, நார் அப்படி ஓடுகிறது. அலகைத் தினமும் தீட்டுங்கள், கடதாசி கனத்துக்கு மட்டும் சீவும்படி அலகை உள்ளே இழுத்து வையுங்கள், மேல்தகட்டை அலகின் நுனிக்கு மிக அருகே கொண்டுவாருங்கள், சீவுளியை நேரே தள்ளாமல் கொஞ்சம் சாய்த்துப் பிடித்துத் தள்ளுங்கள். அதற்குப் பிறகும் பிய்கிற இடத்தைச் சீவுளியால் விரட்டாதீர்கள், உருக்குத் தகட்டால் சுரண்டி எடுங்கள். பழைய ஆட்கள் உடைந்த யன்னல் கண்ணாடியின் நேர்விளிம்பால் சுரண்டுவார்கள், அருமையாக வரும், ஆனால் தடித்த கையுறை இல்லாமல் செய்ய வேண்டாம். சுரண்டிய பிறகு சாண்ட் பேப்பர் 120, 180, 240 என்று போகலாம்.

கடைசல் இயந்திரத்தில் முதிரை மிக நன்றாக நடக்கும். கட்டில் கால், கைப்பிடி எல்லாம் கடைந்தெடுத்தால் மெழுகு பூசாமலே மினுங்கும்.

பொருத்துவது

ஆணியை நேரே அடித்தால் ஆணி வளையும், இல்லாவிட்டால் மரம் பிளக்கும். ஆணிக்கும் திருகாணிக்கும் முன்துளை போட்டே ஆக வேண்டும். பித்தளைத் திருகாணி என்றால் அதே அளவு உருக்குத் திருகாணியை முதலில் ஏற்றி இறக்கிப் பாதை எடுத்து, கொஞ்சம் சவர்க்காரம் தடவி, அப்புறம் பித்தளையை ஏற்றுங்கள், நேரே ஏற்றினால் தலை முறிந்து உள்ளே மாட்டிக்கொள்ளும். கல்லடி, காத்தான்குடி, கல்முனை என்று கடற்கரையோரம் இருப்பவர்கள் சாதாரண இரும்பை மறந்துவிடுங்கள். உப்புக்காற்றில் பிணைச்சல் துருப்பிடித்து, அந்தத் துருக்கறை மஞ்சள் மரத்தில் இறங்கினால் அசிங்கமாகத் தெரியும். பித்தளையோ துருவேறா உருக்கோ போடுங்கள்.

இந்த மரத்துக்கு உண்மையான பிடி துளையும் கழுந்தும்தான், அதாவது ஒரு துண்டில் தோண்டிய துளைக்குள் மற்றத் துண்டின் முனையில் செதுக்கிய நாக்கை இறக்குவது. துளையை உளியால் மட்டும் தோண்ட வெளிக்கிட்டால் தோள்மூட்டு போகும், ட்ரில்லால் வரிசையாகத் துளைத்துவிட்டு, மீதியை உளியாலும் கொட்டாப்புளியாலும் சதுரமாக்குங்கள். கழுந்து கைப்பலத்தால் உள்ளே போகிற அளவு இருக்கட்டும். மெத்தென்ற மரத்தில் கொஞ்சம் பெரிதாக வைத்து அடித்து இறக்கலாம், முதிரை விட்டுக்கொடுக்காது, பிளந்துவிடும். பசை போடுவதென்றால் சீவின அன்றைக்கே போடுங்கள். நாட்பட்ட முகத்தில் பசை சரியாகப் பிடிக்காது, ஒருமுறை சாண்ட் பேப்பரால் தட்டித் தூசியைத் துடைத்துவிட்டுப் பசை பூசி, கிளாம்ப் போட்டு ஒரு நாள் விடுங்கள்.

முதல் சாமானும் பொலிஷும்

கதவில் தொடங்காதீர்கள். ஒரு படச்சட்டம் செய்யுங்கள், சாமிப்படமோ கலியாணப் படமோ எதற்கென்றாலும். நாலு துண்டுதான், ஆனால் அரிவது, சீவுவது, மூலை பொருத்துவது, பொலிஷ் எல்லாம் அதற்குள் வந்துவிடும், பிழைத்தாலும் நட்டம் சின்னது. அடுத்தது சின்ன முக்காலி, அதில் துளையும் கழுந்தும் பழகலாம். அதற்குப் பிறகு யன்னல், அப்புறம்தான் கதவு. கதவு செய்யும்போது எந்தக் காலத்தில் பொருத்துகிறீர்கள் என்று பாருங்கள். கோடையில் இறுக்கமாகப் பொருத்தின கதவு மாரியில் ஊதி நிலையில் உரசும், ஆகவே கோடையில் செய்தால் கொஞ்சம் கூடுதலாக இடைவெளி விடுங்கள்.

முதிரைக்குச் சாயம் பூசுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தேக்கு மாதிரித் தெரிய வேண்டும் என்று கறுப்புச் சாயம் பூசிய முதிரைக் கதவைப் பார்த்தால் மனம் நோகும். அரக்குப் பொலிஷை மெல்லியதாகப் பல தடவை பூசி, ஒவ்வொரு தடவைக்கும் நடுவே 400 சாண்ட் பேப்பரால் லேசாகத் தடவினால் அந்தப் பட்டை மினுக்கம் தானாக எழும்பி வரும். தண்ணீர் படும் இடத்துக்கு அரக்கு ஆகாது, வெள்ளை பூத்துவிடும், அங்கே நல்ல வார்னிஷ் பூசுங்கள். வருடம் போகப் போக நிறம் தானே பொன்னிறமாக ஆழப்படும்.

எதற்கு வேறு மரம்

மண்ணில் நடுகிற தூணுக்கும் வேலிக் கட்டைக்கும் முதிரையை வீணாக்காதீர்கள், அதற்குப் பாலை இருக்கிறது, தண்ணீரில் தாழும் அளவுக்குக் கனத்த மரம் அது. கோடரிப் பிடி, மண்வெட்டிப் பிடி, வண்டில் சாமான் என்றால் சமண்டலை, அது அதிர்ச்சியைத் தாங்கி வளைந்துகொடுக்கும். சாராயம் முதிர வைக்கும் பெரிய பீப்பாய்களுக்கும் இலங்கையில் அதைத்தான் எடுப்பார்கள். ஓர் ஆள் அடிக்கடி தூக்கி நகர்த்துகிற கதிரைக்கும் முதிரை வேண்டாம், பாரம் அதிகம். கதவு, யன்னல், கட்டில், அலுமாரி, மாடிப்படி, கடைந்த வேலை, இவற்றில்தான் அது தன் முழுத் திறமையையும் காட்டும்.

வெட்டி மிஞ்சுகிற துண்டுகளை அடுப்புக்குப் போடாமல் ஒரு பெட்டியில் சேருங்கள். கழுந்துக்கு ஆப்பு, உளிக்குப் பிடி, பூட்டுக் கட்டை, இழுப்பறைக் குமிழ் என்று இரண்டு அங்குலத் துண்டுக்கும் வேலை வரும். அடுத்த பழைய நிலையில் ஆணித்துளை அடைக்கவும் அதே நிற மரம் கையில் இருக்கும்.